புருஷன் பொண்டாட்டி சேர்ந்து டயட் இருக்கறீங்களா? கொழம்பு ஒண்ணா இருக்கட்டும், தட்டு வேற வேறயா இருக்கட்டும்

ரெண்டு பேரும் ஒரே நாள்ல டயட் ஆரம்பிப்பாங்க, ஒரே சாப்பாடு, ஒரே மொட்டை மாடி வாக்கிங், மாசக் கடைசியில மெஷின்ல ஏறினா அவருக்கு ரெண்டரை கிலோ குறைஞ்சிருக்கும், இவங்களுக்கு முள்ளு அசைஞ்சிருக்காது, இல்லன்னா அரை கிலோ ஏறிக்கூட இருக்கும். உடனே அவர் "நீ சமைக்கும்போது எதையோ வாயில போட்டுக்கற"ன்னு ஆரம்பிப்பார், இவங்க கோவத்துல ராத்திரி சாப்பாட்டையே நிறுத்துவாங்க, அதுக்கப்புறம் மூணாவது வாரம் ரெண்டு பேரும் புரோட்டா கடையில நிப்பாங்க. இதுல யார் மேலயும் தப்பு இல்ல, கணக்குதான் தப்பு. அந்தக் கணக்கை எப்படிப் போடறதுன்னுதான் கீழ சொல்லப்போறேன். உங்களுக்கு சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை எதாவது ஓடுதுன்னா மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிங்க, எடை குறையக் குறைய அந்த டோஸை மாத்த வேண்டி வரும். கர்ப்பமா இருக்கறவங்க, தாய்ப்பால் குடுக்கறவங்க இதைப் படிச்சுட்டு டயட்டெல்லாம் இருக்காதீங்க.

மொதல்ல செலவுக் கணக்கு

சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி செலவு பண்ணும்னு கணிக்க 1990ல வந்த ஒரு ஃபார்முலா இருக்கு, மிஃப்ளின் செயின்ட் ஜியோர்னு பேரு, இன்னிக்கும் டயட்டீசியன்கள் நிறைய பேர் அதைத்தான் போடறாங்க. எடையை (கிலோ) 10ஆல பெருக்குங்க, உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25ஆல பெருக்கி அதோட கூட்டுங்க, வயசை 5ஆல பெருக்கி கழிங்க. கடைசியா ஆம்பளைன்னா 5 கூட்டணும், பொம்பளைன்னா 161 கழிக்கணும். பாருங்க, எடை உயரம் வயசு எல்லாமே அச்சு அசலா ஒண்ணா இருந்தாலும் அங்கயே 166 கலோரி வித்தியாசம் வந்துடுது. காரணம் தசை. ஆம்பளைங்களுக்கு சராசரியா தசை அதிகம், கொழுப்பு கம்மி, பொம்பளைங்களுக்கு உடம்பு நல்லபடியா ஓடவே குறைஞ்சபட்சம் ஒரு 12 சதவீதம் கொழுப்பு வேணும், ஆம்பளைக்கு 3 சதவீதம் போதும்.

ஒரு ஜோடியை எடுத்துக்குவோம். அவருக்கு 42 வயசு, 170 சென்டிமீட்டர், 82 கிலோ. இவங்களுக்கு 38 வயசு, 156 சென்டிமீட்டர், 68 கிலோ. ஃபார்முலால போட்டா அவருக்கு சுமார் 1680, இவங்களுக்கு சுமார் 1300. உக்காந்த வேலை, கொஞ்சம் நடை, வீட்டு வேலைன்னு வச்சு 1.4ஆல பெருக்கினா அவரோட ஒரு நாள் செலவு 2350, இவங்களோடது 1825. இப்ப எதாவது வாட்ஸ்அப் டயட் சார்ட்டைப் பாத்துட்டு ரெண்டு பேரும் 1700 கலோரி சாப்பிடறாங்கன்னு வைங்க. அவருக்கு தினமும் செலவை விட 650 கலோரி கம்மியா உள்ள போகுது, அதாவது 650 பள்ளம் விழுது, இவங்களுக்கு வெறும் 125. ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரின்னு கணக்கு வச்சா 30 நாள்ல அவருக்கு ரெண்டரை கிலோ, இவங்களுக்கு அரை கிலோ. அந்த அரை கிலோவும் மெஷின்ல தெரியாது, ஏன்னா பீரியட்ஸுக்கு முன்னாடி ஒரு கிலோ வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும், தண்ணி தேங்கும். பத்தியமா இருந்த ஒரு மாசம் முழுக்க அந்தத் தண்ணிக்கு அடியில ஒளிஞ்சுக்குது.

சரி, என்ன பண்ணலாம்? ரெண்டு பேருக்கும் அவங்கவங்க செலவுல 20 சதவீதம் மட்டும் குறைங்க. அவருக்கு 1900, இவங்களுக்கு 1450. இப்ப பாத்தா மாசத்துக்கு அவருக்கு ஒண்ணே முக்கால் கிலோ, இவங்களுக்கு கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. கிலோவா பாத்தா இன்னும் அவர்தான் முன்னாடி, ஆனா உடம்பு எடையில எவ்வளவு சதவீதம்னு பாத்தா ரெண்டும் ரெண்டே சொச்சம்தான். அதனால வீட்டுல போட்டி வைக்கணும்னு ஆசைப்பட்டா சதவீதத்துல வைங்க. என்னைக் கேட்டா போட்டியே வேணாம், அந்த 30 நாள் சேலஞ்ச் எல்லாம் ஜெயிக்கறவங்களுக்கு மட்டும்தான் ஜாலி. டாக்டர் மேற்பார்வை இல்லாம பொம்பளைங்க 1200க்குக் கீழயும் ஆம்பளைங்க 1500க்குக் கீழயும் போகாம இருக்கறது நல்லது, ஒல்லியா குள்ளமா இருக்கறவங்களுக்கு 20 சதவீதம் கூட அதிகமா இருக்கலாம், அவங்க 10, 15ல நிறுத்திக்கலாம்.

தட்டுல போடறது எப்படி

450 கலோரி வித்தியாசம்னா பெருசா தெரியும், ஆனா அதுக்காக ரெண்டு சமையல் பண்ணணும்னு அவசியமே இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு 1450க்கு சமைச்சு வைங்க, அவர் தட்டுல மட்டும் காலைல ரெண்டு இட்லி சேத்து, மத்தியானம் 150 கிராம் சோறு சேத்து, ராத்திரி ஒரு சப்பாத்தி சேத்து போடுங்க. இட்லி ரெண்டும் 120, சோறு 200, சப்பாத்தி ஒரு 110, முடிஞ்சது கணக்கு. சாம்பார், பொரியல், முட்டை, மீன் எல்லாம் ரெண்டு தட்டுலயும் ஒரே அளவு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா குறையறது சோறு சப்பாத்திதான், காயும் பருப்பும் முட்டையும் இவங்க தட்டுல குறையவே கூடாது, நம்ம ஊர்ல நடக்கறது நேர் தலைகீழ், மீன்ல நடுத்துண்டு அவருக்கு, வால்துண்டும் கொழம்பும் இவங்களுக்கு.

சோத்தை ஒரு வாரம் மட்டும் தராசுல வச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் உங்க வீட்டுக் கரண்டியில எத்தனைன்னு கண்ணுக்கே பழகிடும், வாழ்நாள் பூரா தராசும் கையுமா திரிய வேணாம். எண்ணெய்தான் கள்ளத்தனமா உள்ள போற கலோரி, ஒரு பெரிய ஸ்பூன் 15 மில்லி 120 கலோரி. ஆளுக்கு மாசம் அரை லிட்டர்னு மாச ஆரம்பத்துலயே தனி டப்பால ஊத்தி வச்சுடுங்க, டப்பா 20ஆம் தேதியே காலியாச்சுன்னா எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுடும்.

புரோட்டீன் ரெண்டு பேருக்குமே உடம்பு எடையில கிலோவுக்கு 1லேர்ந்து 1.2 கிராம் கணக்கு வைங்க (கிட்னி பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேக்காம ஏத்தாதீங்க). முட்டை ஒண்ணுல 6 கிராம், வெந்த சிக்கன் 100 கிராம்ல 27 பக்கம், சைவம்னா காய்ஞ்ச மீல்மேக்கர் 50 கிராம்ல 26, ஒரு கப் சுண்டல்ல 12க்கு மேல. ரெண்டு இட்லி சட்னி மட்டும் சாப்பிட்டுட்டு பதினொரு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டைத் தேடறவங்க ரெண்டு முட்டையைச் சேத்துப் பாருங்க, பாக்கெட் தானா மறந்துடும்.

இவங்க கவனிக்க வேண்டியது: மிச்சம். புள்ள தட்டுல அரை தோசை, பாத்திரத்துல ஒட்டின நெய் சோறு, டீயோட மாமியாருக்குக் குடுத்த முறுக்குல ரெண்டு. வீணாப் போகுதேன்னு போற இந்த வகையறா ஈஸியா 200 கலோரி, அவரோட 450 பள்ளத்துல 200 விழுந்தா பாதிக்கு மேல மிச்சம் நிக்கும், இவங்களோட 375 பள்ளத்துல விழுந்தா பாதிக்கு மேல மூடிக்கும். மிச்சத்தை டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல வைங்க, சாயங்காலம் புள்ளையே சாப்பிடும்.

அவர் கவனிக்க வேண்டியது: சனிக்கிழமை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, சரக்கு மட்டுமே 400 கலோரிக்கு மேல, அதோட கூல்டிரிங்க்ஸ், ஆம்லெட், மிக்சர், வர்ற வழியில ரெண்டு புரோட்டா சேந்தா ஒரே ராத்திரியில 1200 தாண்டிடும், அதாவது திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் வாயைக் கட்டினது மொத்தமும் போச்சு. "நான் வாரத்துல ஒரு நாள்தானே"ன்னு சொல்றவர் தொப்பை ஏன் குறையலன்னு தைராய்டு டெஸ்ட் எடுக்கப் போறாரு!

எங்கேர்ந்து குறையும்

ஆம்பளைக்கு கொழுப்பு பெரும்பாலும் வயித்துக்குள்ள, குடல் ஈரலைச் சுத்தி சேரும், அது ஆபத்தான கொழுப்பு, ஆனா அதுல ஒரு நல்லது இருக்கு, டயட் ஆரம்பிச்சதும் மொதல்ல கரையறதும் அதுதான். அதனாலதான் ரெண்டு மூணு வாரத்துலயே பெல்ட்டு ஒரு ஓட்டை உள்ள போகுது, சுகரும் பிரஷரும் சீக்கிரம் எறங்குது. பொம்பளைக்கு ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் இருக்கற வரைக்கும் கொழுப்பு இடுப்பு, தொடை, பின்பக்கம்னு தோலுக்கடியில சேரும், புள்ளை பெத்து பால் குடுக்க உடம்பு போட்டு வச்ச சேமிப்பு அது, லேசுல விட்டுக்குடுக்காது, ஆனா வயித்துக் கொழுப்பு அளவுக்கு ஆபத்தும் இல்ல. பீரியட்ஸ் நின்னதுக்கப்புறம் பொம்பளைங்களுக்கும் வயித்துல சேர ஆரம்பிக்கும், 50 தாண்டினவங்க அதனால வயித்துச் சுத்தளவைக் கண்டிப்பா பாக்கணும்.

டேப் வைக்கற இடம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்போட மேல்பக்கத்துக்கும் நடுவுல, மூச்சை சாதாரணமா விட்டு முடிச்ச நேரத்துல, தொப்பையை எக்கிக்காம. நம்ம ஆளுங்களுக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. பொம்பளைங்க தொடையையும் அளந்து வைங்க, மெஷின் அசையாத மாசத்துல கூட டேப்ல ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கும், அது மனசுக்குத் தெம்பு.

எடை பாக்கற நாள்

அவருக்கு சுலபம், வாரத்துல ஒரு நாள், காலைல பாத்ரூம் போயிட்டு காபிக்கு முன்னாடி ஏறலாம். ஆனா மொத வாரம் ரெண்டு கிலோ குறைஞ்சுதுன்னு ஸ்டேட்டஸ் போட வேணாம், தசையில ஈரல்ல சேமிச்சு வச்சிருக்கற மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூணு நாலு கிராம் தண்ணியைப் புடிச்சு வச்சிருக்கும், சோறு குறைஞ்சதும் அது வெளியேறுது. தசை அதிகம் இருக்கறவருக்கு அந்த ஆரம்ப சறுக்கலும் பெருசா இருக்கும். ஒரு கல்யாண விருந்துல அது திரும்ப வந்து உக்காந்துக்கும்.

பீரியட்ஸ் வர்றவங்க போன வாரத்தோட இந்த வாரத்தை ஒப்பிடவே கூடாது. பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாளை 1ன்னு காலண்டர்ல குறிங்க. 7ஆம் நாள் எடை பாருங்க. அடுத்த மாசம் அதே 7ஆம் நாளோட அதை ஒப்பிடுங்க. நடுவுல எத்தனை தடவை ஏறினாலும் அந்த நம்பருக்கு மதிப்பு குடுக்காதீங்க. பிசிஓடி இருந்து பீரியட்ஸ் எப்ப வரும்னே தெரியாதவங்க வாரம் மூணு தடவை பாத்து நாலு வார சராசரி போட்டு அதுக்கு முந்தின நாலு வாரத்தோட ஒப்பிடலாம், கூடவே டேப்.

பீரியட்ஸுக்கு முந்தின வாரம் பசி கூடறதும் ஸ்வீட் தேடறதும் மனக்கட்டுப்பாடு இல்லாததால வர்றது இல்ல, ஹார்மோன் வேலை. அந்த அஞ்சாறு நாளைக்கு 1450ல பிடிவாதமா நிக்காம 1600, 1650 வரைக்கும் விட்டுடுங்க, ஒரு கடலை மிட்டாய், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி சோறு கூட, அவ்வளவுதான். மாச மொத்தத்துல பாத்தா ஒரு 1000 கலோரிதான் கூடும், எடையில 150 கிராம் கூட வராது. அதைக் குடுக்காம இழுத்துப் புடிச்சா ஒரே ராத்திரியில ஒரு ஃபேமிலி பேக் ஐஸ்கிரீம் போயிடும்.

நடை, எடை தூக்கறது

2003ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, டயட் எதுவும் சொல்லாம 16 மாசம் உடற்பயிற்சி மட்டும் பண்ண வச்சாங்க, ஆம்பளைங்களுக்கு சராசரியா 5.2 கிலோ குறைஞ்சது, பொம்பளைங்களுக்கு எடை அப்படியே நின்னுச்சு (பயிற்சியே பண்ணாத பொம்பளைங்களுக்கு கிட்டத்தட்ட 3 கிலோ ஏறுச்சு, அதனால சும்மா போகல). அப்புறம் 2013ல அதே குழு நிமிஷக் கணக்கை விட்டுட்டு, ரெண்டு பேரும் ஒரு தடவைக்கு இத்தனை கலோரி எரிச்சே ஆகணும்னு வச்சுப் பாத்தாங்க, வித்தியாசம் காணாமப் போச்சு. ஆக ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு 40 நிமிஷம் நடந்தா கனமான உடம்புக்காரருக்கு அதிகமா எரியும், இவங்க 50 நிமிஷம் நடக்கணும். அவர் கெளம்பறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே மொட்டை மாடிக்குப் போயிடுங்க, அந்த பத்து நிமிஷம் காலை டிபனை அவர் பாத்துக்கட்டும்.

வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுங்க, ரெண்டு பேருமே. சேர்ல உக்காந்து எழுந்திருக்கறது, சுவத்துல கை வச்சு புஷ் அப், ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்கறது, ஆரம்பத்துக்கு இது போதும். "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்"னு பயப்படற பொம்பளைங்களுக்கு: அந்த மாதிரி தசை ஏத்தற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் உங்ககிட்ட இருக்கறதை விட ஆம்பளைக்கு பத்து மடங்குக்கு மேல இருக்கு, அவங்களே ஜிம்முல வருஷக்கணக்கா அல்லாடறாங்க. உங்களுக்கு இது ரொம்ப முக்கியம் ஏன்னு சொல்றேன். ப்ரிவ்யூன்னு ஒரு பெரிய ஆய்வு 2018ல வெளிவந்துச்சு, சுகர் வர்ற நிலைமையில இருந்த 2000க்கு மேற்பட்டவங்களை 8 வாரம் ஒரு நாளைக்கு சுமார் 800 கலோரில வச்சாங்க, டாக்டர் கண்காணிப்புல. ஆம்பளைங்களுக்கு எடையும் கொழுப்பும் அதிகமா குறைஞ்சது, பொம்பளைங்களுக்கு பின்பக்கச் சுத்தளவு (வயித்தளவு இல்ல) நல்லா குறைஞ்சது, ஆனா கூடவே தசையும் நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற ஹெச்டிஎல்லும் ஆம்பளைங்களை விட அதிகமா எறங்குச்சு. பட்டினி போட்டு வேகமா குறைக்கறதுல பொம்பளைக்கு நஷ்டம் கூடன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ரத்தம், முடி, பீரியட்ஸ்

சாப்பாட்டைக் குறைக்கும்போது இரும்புச்சத்தும் சேந்து குறையும், ஏற்கனவே 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல 15லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதத்துக்கு ரத்த சோகை, ஆம்பளைங்கள்ல 25 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி பொம்பளைக்கு தினம் 29 மில்லிகிராம் இரும்பு வேணும், ஆம்பளைக்கு 19 போதும். கம்மியா சாப்பிடற தட்டுல இருந்துதான் அதிகமா எடுக்கணும், கொடுமைதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினும் டிஎஸ்ஹெச்சும் (தைராய்டு டெஸ்ட்) ஒரு தடவை பாத்துடுங்க. முருங்கைக்கீரை, சுண்டல், முடிஞ்சா வாரம் ஒரு நாள் ஈரல், பக்கத்துல எலுமிச்சையோ நெல்லிக்காயோ, டீ காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. எலும்புக்கு ராகி, தயிர்.

ஒழுங்கா வந்துட்டிருந்த பீரியட்ஸ் தள்ளிப்போக ஆரம்பிச்சா அது உடம்பு அடிக்கற மணி, கர்ப்பம் இல்லன்னு உறுதி பண்ணிட்டு சாப்பாட்டைக் கூட்டுங்க, மூணு மாசம் வரலன்னா டாக்டர்கிட்ட போயே ஆகணும். கிராஷ் டயட் பண்ணி ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக் கொத்தா முடி கொட்டும், அப்ப எண்ணெயை மாத்தறதுல பிரயோஜனம் இல்ல. வேகமா எடை குறைஞ்சா பித்தப்பையில கல் வரவும் வாய்ப்பு உண்டு, அதுவும் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். ஆம்பளைக்கு பீரியட்ஸ் மாதிரி ஒரு மணி இல்லாததால அவங்க கவனிக்க மாட்டாங்க, ஆனா ரொம்பப் பட்டினி கிடந்தா அவங்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் எறங்கும், தாம்பத்திய ஆசை குறையும், எப்பப் பாத்தாலும் குளிரும், சள்ளுபுள்ளுன்னு எரிஞ்சு விழுவாங்க. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஆன்சல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 பேரை மாசக்கணக்கா அரைவயித்துல வச்சுப் பாத்தார், அத்தனை பேரும் ஆம்பளைங்க, கடைசியில சாப்பாட்டைத் தவிர வேற நெனப்பே இல்லாம சமையல் புத்தகமா படிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பசி யாரையும் விடாது.

நாலு வாரத்துக்கு ஒரு தடவை கணக்கைத் திருப்பிப் போடுங்க. 5 கிலோ குறைஞ்சா ஃபார்முலால 50 கலோரி குறையும், 1.4ஆல பெருக்கினா 70, அதாவது முக்கா சப்பாத்திக்கும் கம்மி. நிஜத்துல உடம்பு அதை விட இன்னும் கொஞ்சம் சிக்கனமாயிடும், அதனால மூணு மாசம் கழிச்சு வேகம் குறைஞ்சா பதறாதீங்க, பத்து நிமிஷம் நடையைக் கூட்டுங்க, தட்டை இன்னும் சுருக்க வேணாம். தீபாவளி, பொங்கல், வீட்டுக் கல்யாணம்னு வர்ற வாரத்துல குறைக்கறதை நிறுத்திட்டு முழு செலவுக் கணக்கான 2350க்கும் 1825க்கும் சாப்பிடுங்க. விருந்து முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு மெஷின்ல ஏறலாம், இவங்க அவங்களோட 7ஆம் நாள் வந்ததும் ஏறட்டும்.